பக்க விளைவு எங்கிருந்து வருகிறது? மனநல மாத்திரையோடு நெடுநாள் வாழ்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

11 வருடமாகத் தினமும் இரவில் லித்தியம் மாத்திரை போடுகிறேன். இத்தனை நாளில் நான் அதிகம் கேட்ட பேச்சுகள் மூன்று. "எல்லாம் தூக்க மாத்திரைதானே?" "ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?" "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்குப் போடுறே?" கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அந்தக் கொஞ்ச உண்மைதான் சிக்கலே. அதை நம்பி ஒருவர் மாத்திரை அட்டையைக் குப்பையில் வீசுகிறார். இன்னொருவர், தாங்கத் தேவையே இல்லாத ஒரு தொல்லையை "போகப்போகப் பழகிடும்" என்று வருடக்கணக்கில் தாங்குகிறார்.

நான் டாக்டர் இல்லை, மாத்திரை போடுகிறவன். முதல் நாளே யாராவது இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. அப்படிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

## எல்லாமே தூக்க மாத்திரை இல்லை

மனநல மருந்துகளை மேலோட்டமாக நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம். இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் ஆளைப் பிடித்து ஆட்டுவது போன்றவற்றுக்குக் கொடுப்பவை உளப்பிறழ்வு மருந்துகள். ஓலான்சபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் இந்த வகை. ஃப்ளுவாக்ஸ்டின், எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்றவை மனச்சோர்வு மருந்துகள். மனது உச்சிக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போகாமல் பிடித்து வைப்பவை மனநிலை நிலைப்படுத்திகள். என் லித்தியமும் வால்ப்ரோயேட்டும் அதில் வரும். நான்காவது குடும்பம், பதற்றத்தை உடனே தணித்துத் தூங்கவும் வைக்கும் டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலாம் வகையறா.

'தூக்க மாத்திரை' என்ற பெயர் இந்தக் கடைசிக் குடும்பத்துக்குத்தான் பொருந்தும். 'பழக்கமாகிவிடும்' என்ற பயமும் பெரும்பாலும் இவற்றைப் பார்த்து வந்ததுதான். மற்ற மூன்றிலும் தூக்கம் தருபவை உண்டு. ஆனால் அவற்றின் முக்கிய வேலை அது இல்லை. அப்புறம், குடும்பப் பெயரை வைத்து ஒருவருடைய நோயை ஊகிக்காதீர்கள். மனச்சோர்வு மருந்தைத் தீராத பதற்றத்துக்கும் கொடுப்பார்கள், கையைக் கழுவிக்கொண்டே இருக்கவைக்கும் எண்ணச் சுழற்சிக்கும் கொடுப்பார்கள்.

இந்த மருந்துகள் கிடைத்த கதையே வேடிக்கையானது. 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்கு இப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். நோயாளிகள் சிலருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. காசநோய் டாக்டரின் கணக்கில் அது பக்க விளைவு. மனநல டாக்டர்களோ அதையே பிடித்துக்கொண்டு மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றாக ஆக்கினார்கள். குளோர்ப்ரோமசின் கதையும் இதே மாதிரிதான். ஆன்றி லாபொரி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் அறுவை சிகிச்சையை ஒட்டி அதைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் விழித்துக்கொண்டே எதையும் சட்டை செய்யாமல் அமைதியாகக் கிடந்தார்கள். 1952இல் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற மனநல மருத்துவர்கள் அதை மனநோய்க்குப் பயன்படுத்தினார்கள்.

ஆக, எது விளைவு, எது பக்க விளைவு என்று மருந்துக்குத் தெரியாது. நாம் எதை எதிர்பார்த்து விழுங்கினோமோ அதற்கு விளைவு என்று பெயர் வைக்கிறோம், மிச்சத்துக்குப் பக்க விளைவு என்று பெயர் வைக்கிறோம். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

## ஒரே ஸ்விட்ச், தெரு முழுக்க விளக்கு

ராத்திரி உங்கள் ஜன்னலுக்கு நேராகத் தெருவிளக்கு எரிகிறது, கண்ணை மூட முடியவில்லை. கம்பத்துக்குக் கம்பம் ஸ்விட்ச் கிடையாது, தெருவுக்கே ஒன்றுதான். அதை அணைத்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். தெருக்கோடியில் யாரோ இருட்டில் தடுக்கி விழுவார்கள். ஸ்விட்ச் கெட்டுப்போகவில்லை, அதன் வேலையைத்தான் செய்தது.

மூளைக்குள்ளும் இப்படித்தான். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டில்லை, நடுவில் நூலிழையைவிட மெல்லிய இடைவெளி இருக்கிறது. ஒரு செல் வெளியே விடும் வேதிப்பொருள் அந்த இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லுக்குச் சேதி சொல்கிறது. அந்த வேதிப்பொருளுக்கு நரம்பியக்கடத்தி என்று பெயர். அது போய் அமரும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். நம் மாத்திரைகளில் பல, இந்த ஏற்பியில் தாமே உட்கார்ந்து வழியை அடைக்கின்றன. இல்லாவிட்டால் கடத்தியை இடைவெளியிலேயே இன்னும் கொஞ்ச நேரம் தங்கவைக்கின்றன.

டோபமின் என்ற கடத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் ஒரு பாதையில் அது 'இது முக்கியம், கவனி' என்று சொல்லும் வேலையைப் பார்க்கிறது. அந்தப் பாதையில் டோபமின் மிஞ்சிப்போனால், தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பதில்கூட ஏதோ அர்த்தம் தெரியத் தொடங்கும். உளப்பிறழ்வு மருந்து அதைத் தணிக்கிறது. சரி. ஆனால் இன்னொரு பாதையில் அதே டோபமின்தான் கைகால் அசைவைச் சீராக்குகிறது; அங்கே அடைபட்டால் நடுக்கமும் விறைப்பும் வரும். மூன்றாவது இடத்தில் அது தாய்ப்பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், பிள்ளை பெறாதவருக்கும் பால் கசியும்.

இதில் அளவுதான் எல்லாம். மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளின்படி, பல உளப்பிறழ்வு மருந்துகள் டோபமின் ஏற்பிகளில் சுமார் 65 சதவீதத்தை அடைத்தால் பலன் தரத் தொடங்குகின்றன. 80 சதவீதத்தைத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் கூடுகின்றன. நடுவில் உள்ள அந்தச் சின்ன இடத்தில்தான் டாக்டர் டோஸை நிறுத்தப் பார்க்கிறார். "டோஸைக் கூட்டினா சீக்கிரம் சரியாகும்" என்ற கணக்கு ஓர் எல்லைக்கு மேல் எடுபடாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது, ஒரே கடத்தி பல இடங்களில் பல வேலை பார்க்கிறது, நமக்குத் தேவைப்படாத இடத்தில் நடப்பதுதான் பக்க விளைவு.

## 'பழகிடும்' என்பது எப்போது உண்மை?

மனச்சோர்வு மருந்து ஆரம்பித்தவர்கள் பலர் முதல் வாரத்திலேயே குமட்டல் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த மருந்துகளில் பல, செரோடோனின் என்ற இன்னொரு கடத்தியை இடைவெளியில் தங்கவைப்பவை. நம் உடலின் செரோடோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் இருப்பது குடலில். மருந்து அங்கேயும் செரோடோனினை மிகுதியாக்குவதால், மனதுக்கு முன்பே வயிறு பதில் சொல்லிவிடுகிறது. மனச்சோர்வு குறையப் பொதுவாக 2 முதல் 6 வாரம் ஆகும். ஆக முதல் சில நாட்கள் தொல்லை மட்டும் கண்ணுக்குத் தெரியும், பலன் தெரியாது. நியாயமில்லாத ஏற்பாடுதான், என்ன செய்வது. இந்தக் குமட்டலும் தலைவலியும் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

ஆனால் எல்லாமே அடங்காது. பாலுறவில் நாட்டம் குறைவது, உச்சம் தள்ளிப்போவது இரண்டும் இந்த மருந்துகளில் சர்வசாதாரணம். காத்திருந்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. டாக்டர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை, கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் தப்பாக நினைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். இதற்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன. வாயைத் திறந்து சொன்னால்தான் கிடைக்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிப்பது நல்லது. அப்படி ஏதாவது தோன்றினால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

## சுவரிலிருந்து சுவருக்கு ஒன்பது எட்டு

லித்தியத்துக்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நாள் ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் கால் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். நடந்தாலும் தீராது. எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரிலிருந்து சுவருக்கு ஒன்பது எட்டு. விடிய விடிய அதை எண்ணியிருக்கிறேன். "கொஞ்ச நேரம் உட்காரேன்டா, தலை சுத்துது எனக்கு" என்றாள் அம்மா. அண்ணன் போனில் யாரிடமோ "அவனுக்கு முத்திப்போச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

முத்தவில்லை. அதன் பெயர் அகதீசியா: மருந்தினால் வரும், உட்காரவிடாத உள் தவிப்பு. கிரேக்கத்தில் 'உட்கார முடியாமை' என்று பொருள். பார்க்கிறவர்களுக்கு இது நோயின் பதற்றம் போலவே தெரியும். நோய்தான் கூடிவிட்டது என்று நினைத்து டோஸை ஏற்றினால் தவிப்பும் ஏறும். இந்தத் தவிப்பே சிலரை உயிரை விடும் எண்ணத்துக்குத் தள்ளியிருக்கிறது. என் விஷயத்தில் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மனசு ஓடுதா, கால் ஓடுதா?" கால் என்றேன். டோஸைக் குறைத்து, கூடவே படபடப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனோலால் கொடுத்தார். நான்காவது நாள் உட்கார்ந்த இடத்திலேயே செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் விளக்க முடியாது.

அசைவு சம்பந்தமான வேறு சில தொல்லைகளும் உண்டு. கழுத்தோ தாடையோ கண்ணோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; பெரும்பாலும் ஓர் ஊசியிலேயே விட்டுவிடும். கடுமையான காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கே ஆபத்து, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்து உதடும் நாக்கும் தாமாக அசைபோடத் தொடங்குவது வேறு ரகம். போடுகிறவருக்கு அது தெரியாமலேகூட இருக்கும், எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் கவனிப்பார். இதற்கென்றே 2017 முதல் மருந்துகள் வந்திருக்கின்றன. என்றாலும் சீக்கிரம் சொல்வதுதான் பெரிய சிகிச்சை.

## எடை: மன உறுதியின் குறை இல்லை

ஓலான்சபின், குளோசபின் போன்ற உளப்பிறழ்வு மருந்துகள் போடுகிறவர்களிடம் "வாயைக் கட்டு" என்று அறிவுரை சொல்லாத ஆளே இருக்க மாட்டார்கள். சளி மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதே, அது ஹிஸ்டமின் என்ற கடத்தியின் ஏற்பியை அடைப்பதால். இந்த மருந்துகள் அதே ஏற்பியை இன்னும் பலமாக அடைக்கின்றன. மூளையில் அந்த ஏற்பிக்கும், செரோடோனின் ஏற்பி ஒன்றுக்கும், 'போதும், வயிறு நிறைந்தது' என்று சொல்வதில் பங்கு உண்டு. இரண்டும் அடைபட்டால் போதும் என்ற சேதி வந்து சேராது. சாப்பிட்டு முடித்தவருக்கு உண்மையிலேயே பசிக்கிறது. அவரிடம் போய் மன உறுதியைப் பற்றிப் பேசுவது கொடுமை.

எடையோடு சர்க்கரையும் கொழுப்பும் கூடலாம். அதனால் மருந்து தொடங்கும் முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். சுமார் மூன்று மாதத்தில் மறுபடி, அப்புறம் வருடம் ஒருமுறையாவது. முதல் சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறினால், பின்னாலும் ஏறும் என்பதற்கு அது முன்னறிவிப்பு. பெல்ட்டில் புது ஓட்டை போடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். அரிபிப்ரசோல் போல எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துகள் இருக்கின்றன. சிலருக்குச் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினைச் சேர்ப்பார்கள்.

## லித்தியம்: சிறுநீரகம் அதை உப்பு என்றே நினைக்கிறது

என் மாத்திரை என்பதால் இதில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் ஓர் ஆய்வகத்தில் வடிவமைத்த மூலக்கூறு இல்லை, மண்ணிலும் நீரிலும் கிடக்கும் ஒரு தனிமம். ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் அதை மனநிலை உச்சத்துக்கு, அதாவது மனது கட்டுக்கடங்காமல் உச்சிக்குப் போய்விடும் நிலைக்குக் கொடுத்து, கண்டதை 1949இல் வெளியிட்டார்.

சாதாரண உப்பில் உள்ள சோடியத்துக்கு இது நெருங்கிய உறவு. சிறுநீரகத்தால் இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. வாந்தி, பேதி, கடும் வியர்வை என்று உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை விடாமல் இழுத்து வைத்துக்கொள்ளும்; கூடவே லித்தியத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. பலன் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடையில் இவ்வளவுதான் தூரம். அதனால்தான் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் அவ்வப்போது பார்ப்பதும் இந்த மருந்தின் ஒரு பகுதிதான்.

ஒருமுறை முழங்கால் வலிக்கு நானாகவே இபுப்ரோஃபென் வாங்கி நான்கு நாள் போட்டேன். வலி மாத்திரைதானே, இதில் என்ன என்று நினைத்தேன். நான்காம் நாள் மாடிப்படியில் கால் பின்னியது. நாக்கு குழறியது. தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதி தண்ணீர் சட்டையில். லித்தியம் போடுகிறவருக்கு விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் வழக்கமானது. கை முழுக்க உதறுவதும் நடை தள்ளாடுவதும் நஞ்சாகிறது என்பதற்கு அடையாளம். இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் லித்தியம் வெளியேறுவதைத் தடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது.

இதே மாதிரி எதிர்பாராத இடத்திலிருந்து வரும் இன்னொரு விஷயம் சிகரெட். புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு ஓலான்சபினையும் குளோசபினையும் வேகமாகக் கரைக்கவைக்கும். ஒருவர் திடீரென்று புகையை விட்டால், மாத்திரை அதே மாத்திரைதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடும். நல்ல காரியம்தான், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய நல்ல காரியம்.

வால்ப்ரோயேட் போடும் பெண்கள் கருத்தரிக்கும் யோசனைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். கருவில் இதற்கு ஆட்படும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. அதற்குப் பயந்து தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

## விட முடியாதா?

இங்கே இரண்டு சொற்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அடிமைத்தனம் என்றால் ஏங்குவது, மேலும் மேலும் கேட்பது, கெடுதல் தெரிந்தும் விட முடியாமல் தேடி ஓடுவது. சார்பு என்றால் உடல் மருந்துக்கு ஏற்பத் தன்னை மாற்றி வைத்துக்கொண்டு, திடீரென நின்றால் தடுமாறுவது. டயசிபாம் குடும்பத்தில் இரண்டும் நேரலாம். மனச்சோர்வு மருந்தில் ஏக்கம் வருவதில்லை, எஸ்சிட்டலோப்ராம் கிடைக்கவில்லை என்று யாரும் திருடப் போவதில்லை. ஆனால் சார்பு உண்டு.

எவ்வளவு தடுமாறுவோம் என்பது அரை ஆயுளையும் பொறுத்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்தான் அது. அடியில் சின்னத் துளை உள்ள தொட்டியில் தண்ணீர் மெல்ல இறங்கும், பெரிய துளை என்றால் சடாரென்று காலியாகும். பாராக்ஸ்டினுக்கு அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். வென்லஃபாக்சினுக்குச் சில மணி நேரம்தான். ஒரு வேளை மறந்தாலே சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், தலைக்குள் மின்சாரம் 'ஜிவ்' என்று ஓடுவது போலிருக்கும். ஃப்ளுவாக்ஸ்டின் வாரக்கணக்கில் உடம்பில் தங்கி மெதுவாக இறங்கும்.

நிறுத்திய சில நாட்களிலேயே தலைசுற்றல், 'ஜிவ்', குமட்டல், விசித்திரக் கனவுகள் என்று உடம்பில் தொல்லை வந்தால் பெரும்பாலும் அது மருந்து விலகுவதால் வருவது. வாரங்கள், மாதங்கள் கழித்துப் பழைய சோர்வு பழைய முகத்தோடு வந்தால் நோய் திரும்புகிறது என்று பொருள். முதலாவதை இரண்டாவது என்று தப்பாக எடுத்துக்கொண்டு "பாத்தியா, மாத்திரை இல்லாம இருக்கவே முடியல" என்று முடிவுகட்டிவிடுபவர்கள் நிறையப் பேர்.

குறைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தை 20 மில்லிகிராம் போட்டாலே, செரோடோனின் தன்னை வெளியே விட்ட செல்லுக்குள் திரும்பிப் போகும் வாசல்களில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது. 60 போட்டாலும் 90ஐத் தொடுவதில்லை. அப்படியென்றால் 60இலிருந்து 20க்கு இறங்குவது சின்னப் படி. 20க்குக் கீழேதான் செங்குத்தான இறக்கம். பாதியாக்கி, பிறகு மறுபாதியையும் ஒரேயடியாக விட்டவர்கள் கடைசிப் படியில் உருண்டு விழுவது இதனால்தான். நெடுநாள் போட்டவருக்குக் கடைசிப் பகுதியில் இன்னும் சின்னச் சின்ன அளவாக, மாதக்கணக்கில் குறைப்பது பொருந்தும்.

நிறுத்த ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஒரே ஒருமுறை மனச்சோர்வு வந்து தேறியவர்கள் பலர், டாக்டர் சொல்லும் காலம் வரை போட்டுவிட்டு முறையாக நிறுத்துகிறார்கள். லித்தியத்தில் கதை வேறு. சட்டென்று நிறுத்தினால் மனநிலை உச்சம் திரும்ப வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. 'நல்லாத்தானே இருக்கே' என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், அது வேலை செய்வதால்தான் நல்லா இருக்கேன். குளோசபின் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே தொடரவே கூடாது. அடியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

## டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"கஷ்டமா இருக்கு டாக்டர்" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு அதே மருந்தை எழுதினார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மாற்ற முடியாது. எந்தத் தொல்லை, மாத்திரை போட்டு எத்தனை மணி நேரத்தில், அதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொன்னால் அவர் கையில் பல வழிகள் இருக்கின்றன. டோஸைக் குறைக்கலாம், காலை மாத்திரையை இரவுக்கு மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம், தொல்லைக்கென்று ஒன்று சேர்க்கலாம். சில சமயம் எதுவும் செய்ய முடியாது என்றும் சொல்வார். அப்போது இதைத் தாங்குவதா, நோயின் ஆபத்தை ஏற்பதா என்று இருவரும் சேர்ந்து எடை போட வேண்டியிருக்கும்.

போன தடவை ஒரு துண்டுக் காகிதத்தில் இப்படி எழுதிக்கொண்டு போனேன்: 'காலை பத்து மணி வரை விரல் நடுங்குகிறது. கையெழுத்தை பேங்கில் இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். ழ எழுத வரவில்லை.' டாக்டர் அந்தக் காகிதத்தை வாங்கி, நான் எழுதியிருந்த ழவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரவு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்த்தபோது 0.9இலிருந்து 0.7க்கு வந்திருந்தது. இப்போது ழ வருகிறது, வால் மட்டும் கொஞ்சம் ஆடும்.